இரண்டு நொடி முந்தி

காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
எப்போது வேண்டுமானாலும் வருவோம் என்றார்கள்.
அந்த நான்கு மணி நேரமும் நான் குளிக்கவில்லை.
குழாயைத் திறந்தால் அழைப்பு மணி கேட்காது.
கேட்காவிட்டால்
'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று
கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.
போன முறை அப்படித்தான்.
அதற்கு முந்தின முறை
கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருக்கும்போதே.

ஈரி நகரத்து டிசம்பர்.
ஏரி மூன்று நாளாய் பனியை வாரி இறைக்கிறது.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
அதிசயமாய்க் கிடைத்த ஒரு விடுப்பு.
அதையும் கேபிள் கம்பெனிக்கே எழுதி வைத்தேன்.

குறை இதுதான் என்று
பதினான்காவது ஆளிடம் பதினான்காவது தடவை சொன்னேன்:
சாயங்காலம் ஏழானால்
வினாடி வினா நடத்துகிறவரின் முகம்
சதுரம் சதுரமாய் உதிர்கிறது.
முதலில் தாடை. பிறகு டை.
இணையமும் அப்போதுதான் படுத்துக்கொள்கிறது.
"மோடத்தை அணைத்துப் போட்டீர்களா, மேடம்?"
போட்டேன்.
"இன்னொரு தடவை போட முடியுமா?"
இந்த ஆண்டில் மட்டும் என் மோடம் எடுத்த பிறவிகளுக்குக்
கணக்கில்லை.

பன்னிரண்டு பத்துக்கு வந்தான் டெமரியஸ்.
பூட்ஸுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு
நேரே நிலவறைக்கு இறங்கினான்.
கொதிகலனுக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினான்.
"லொரெய்ன், இங்கே வாங்க."
பித்தளை நிறத்தில் ஒரு பிரிப்பான்.
ஒரு கம்பி மேலே என் வீட்டுக்கு.
இன்னொன்று சுவரைத் துளைத்துக்கொண்டு
அந்தப் பக்கம்.
"அங்கே யாரு?"

பிலார்ஸ்கி.
எஞ்சின் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்.
என் நடைபாதைப் பனியை
கேட்காமலே வாரிப் போடுகிறவர்.
ஏன் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் தெரிந்தது.
ஒன்பது வருடமாய்
அவர் சிரிப்பு முதலில் வரும், ஜோக் பிறகு வரும்.
கேள்வி என் அறையில் முடியுமுன்னே
சுவருக்கு அப்பாலிருந்து பதில் கத்தும்.
ஆள் பெரிய கெட்டிக்காரர் என்று
பேருந்து டிப்போவில் நான் பெருமையடித்திருக்கிறேன்.
"பெட்டி இல்லாத பழைய டி.வி.," என்றான் டெமரியஸ்.
"அதற்குப் படம் நேரே போய்விடும்.
உங்கள் பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டும்."

திருகிக் கழற்றினான்.
பற்பசை மூடியளவு ஒரு மூடி போட்டான்.
"நான் எதுவும் எழுதப்போவதில்லை," என்றான்.
அதற்கு நான் நன்றி சொன்னேனா இல்லையா,
நினைவில்லை.

ஏழு மணி.
முகம் முழுதாய் வந்தது.
மூக்கோரத்து மருகூடத் துல்லியம்.
அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது.
டி.வி.யின் விலாவில் உள்ளங்கை அறைந்தது,
மூன்று தடவை.
பிறகு ஒன்றுமில்லை.
கேள்வி வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.
ஜோக் வந்தது. சிரித்தேன்.
ஆளில்லாத பேருந்தில் மணி அடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நடைபாதையில்
முழங்கால் பனி அப்படியே கிடந்தது.

மாதக் கடைசியில் ரசீது:
'தொழில்நுட்பர் வருகை, நாற்பத்தொன்பது டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட்.'
கூப்பிட்டேன்.
ஒன்றை அழுத்தினேன். நான்கை அழுத்தினேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது.
பியானோ.
அதே பியானோ, ஊறிப்போன பிஸ்கட் மாதிரி.

இருபது நிமிடம் கழித்து
காது வலித்து போனை மேஜையில் வைத்தேன்.
பியானோ நிற்கவில்லை.
சுவரில் காது வைத்துக் கேட்டேன்.
அங்கேயும் ஸ்பீக்கரில் அதே பியானோ.
இந்தத் தடவை
எனக்கு இரண்டு நொடி பின்னால்.
புது இணைப்புக்கு வரிசையில் நிற்கிறார் போல.

போனில் சட்டென்று ஒரு குரல்:
"காத்திருந்ததற்கு நன்றி.
சொல்லுங்கள் மேடம், என்ன குறை?"

ஒரு நொடி.
இரண்டு.